ஆறு அணுகுண்டு செஞ்சு ஆறையும் பிரிச்சுப் போட்ட தென்னாப்பிரிக்கா: யாருக்காக செஞ்சாங்க, ஏன் விட்டாங்க?

2025 பிப்ரவரில ட்ரம்ப் ஒரு ஆணை போட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போற அமெரிக்க உதவியை நிறுத்தினாரு. அங்க கொண்டுவந்த நிலச் சட்டம்தான் பெரிய காரணமா பேசப்பட்டுச்சு, ஆனா அதே ஆணைக்குள்ள வேற ரெண்டு குற்றச்சாட்டும் இருந்துச்சு, ஒண்ணு இஸ்ரேல் மேல சர்வதேச நீதிமன்றத்துல இனப்படுகொலை கேஸ் போட்டது, இன்னொண்ணு ஈரான் கூட வணிகம், ராணுவம், அணுசக்தின்னு உறவைப் புதுப்பிக்கிறது. தென்னாப்பிரிக்கா இதை மறுத்துடுச்சு. ஆனாலும் படிச்ச நிறைய பேருக்கு குழப்பம், இந்த நாடுதானே அணுகுண்டு செஞ்சு அப்புறம் தானாவே அழிச்ச நாடு, இப்ப என்ன ஈரான் கூட அணுசக்தின்னு. இன்னொரு பக்கம் உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து "குண்டைக் கொடுத்தவன் கெட்டான்"னு ஒரு வாதம் ஓடிக்கிட்டே இருக்கு, அதுலயும் தென்னாப்பிரிக்காவை இழுத்து விடுறாங்க.

ரெண்டு குழப்பமும் தீரணும்னா தென்னாப்பிரிக்கா அந்தக் குண்டை எதுக்கு செஞ்சதுன்னு முதல்ல புரியணும். எதிரியை அடிக்கன்னு நினைச்சா கதை பிடிபடவே பிடிபடாது. அமெரிக்காவை தன் பக்கம் வரவைக்கத்தான் செஞ்சாங்க.

அடிப்படை விஷயங்கள் கொஞ்சம்

1. செறிவூட்டல்: மண்ணுல இருந்து எடுக்குற யுரேனியத்துல யு-235 அப்படிங்கிற வகை 0.7 சதவீதம்தான் இருக்கும், அதுதான் சுலபமா பிளவுபடும். கரண்ட் எடுக்குற உலைக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரைக்கும் ஏத்தினா போதும், குண்டுக்கு 90 சதவீதத்து பக்கம் போகணும். ரெண்டுக்கும் ஒரே வகை ஆலைதான், எவ்வளவு நேரம் ஓட்டுறோம், எப்படி இணைக்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம். உலக அணு அரசியல்ல பாதி சண்டை இதனாலதான்.

2. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், சுருக்கமா என்பிடி: 1968ல கையெழுத்துக்கு வந்து 1970ல அமலாச்சு. 1967 ஜனவரி 1க்கு முன்னாடி குண்டு வெடிச்சுப் பார்த்த நாடுகள் மட்டும்தான் அணு ஆயுத நாடு, மத்தவங்க எல்லாம் ஆயுதம் இல்லாத நாடாதான் சேர முடியும். அதாவது குண்டை கையில வெச்சுக்கிட்டு தென்னாப்பிரிக்கா இதுல சேரவே முடியாது. இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னைக்கு வரைக்கும் வெளிய நிக்கிறதும் இதே விதியாலதான்.

3. அணுக் குடை: சொந்தமா குண்டு இல்லாத நாட்டுக்கு, உன்னை அடிச்சா நான் பார்த்துக்கிறேன்னு ஒரு பெரிய நாடு தர்ற பாதுகாப்பு. ஜப்பான், தென் கொரியா, நேட்டோ நாடுகள் எல்லாம் அமெரிக்கக் குடைக்கு கீழ இருக்கு. தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் குடை எப்பவுமே கிடைக்கல. இந்தக் கதையோட வேர் அங்கதான் இருக்கு.

யுரேனியம் வித்து வந்த நட்பு

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டின விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள்ல தங்கத்தோட யுரேனியமும் கிடைக்கும். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் குண்டு செய்ய யுரேனியம் தேவைப்பட்டுச்சு, தென்னாப்பிரிக்கா வித்துச்சு. அதுக்கு பதிலா தொழில்நுட்பம் வந்துச்சு. 1957ல அமெரிக்கா கூட அணுசக்தி ஒப்பந்தம், அதே வருஷம் அணுசக்தியை ஆயுதத்துக்குத் திருப்புறாங்களான்னு கண்காணிக்கிற சர்வதேச அணுசக்தி முகமையில ஸ்தாபக உறுப்பினர், 1965ல தலைநகர் பிரிட்டோரியா பக்கத்துல பெலிண்டாபாவுல அமெரிக்கா கொடுத்த சஃபாரி-1 ஆராய்ச்சி உலை ஓட ஆரம்பிச்சது. நிறவெறி ஆட்சி அப்பவும் அதே கொடூரத்தோடதான் நடந்துச்சு, போராடின கறுப்பர்களை போலீஸ் சுட்டுக் கொன்ன ஷார்ப்வில் படுகொலை 1960. வாஷிங்டனுக்கு அது பெரிய உறுத்தலா இருக்கல, கம்யூனிஸ்டுக்கு எதிரான ஆளுங்கிறது போதுமா இருந்துச்சு.

1970ல பிரதமர் ஃபோர்ஸ்டர், நாங்க சொந்தமா செறிவூட்டல் முறை கண்டுபிடிச்சிருக்கோம்னு நாடாளுமன்றத்துல அறிவிச்சாரு. அடுத்த வருஷம் "அமைதிக்கான அணு வெடிப்பு" பத்தி ஆராய்ச்சி பண்ண அனுமதி, சுரங்கம் தோண்ட, துறைமுகம் வெட்டன்னு காரணம் சொன்னாங்க. சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், 1974ல பொக்ரான்ல வெடிச்சப்போ நம்ம நாடும் அதை அமைதிக்கான வெடிப்புன்னுதான் சொல்லுச்சு.

மூணே வருஷத்துல எல்லாம் தலைகீழ்

1974 ஏப்ரல்ல போர்ச்சுகல்ல ராணுவம் புரட்சி பண்ணி சர்வாதிகாரத்தை தூக்கி எறிஞ்சுது. அடுத்த வருஷமே அதோட காலனிகளான மொசாம்பிக்கும் அங்கோலாவும் சுதந்திர நாடு ஆச்சு, ரெண்டுலயும் இடதுசாரி அரசு. அதுவரைக்கும் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசுக்கு சுத்தி ஒரு காப்பு வளையம் மாதிரி இருந்த நாடுங்க கைவிட்டுப் போச்சு. அங்கோலாவுக்குள்ள தென்னாப்பிரிக்க ராணுவம் நுழைஞ்சுது, அமெரிக்காவும் மறைமுகமா அதே பக்கத்துக்குத்தான் உதவிக்கிட்டு இருந்துச்சு. எதிர்ப்பக்கம் கியூபா ஆயிரக்கணக்குல படையை இறக்கினதும், வியட்நாம்ல சூடுபட்டு வந்த அமெரிக்க காங்கிரஸ் இன்னொரு போர் வேண்டாம்னு உதவிக்கு தடை போட்டுடுச்சு. தென்னாப்பிரிக்கா 1976 மார்ச்ல தனியா திரும்பி வந்துச்சு. நம்ப வெச்சு நட்டாத்துல விட்டுட்டாங்கன்னு பிரிட்டோரியாவுல ஒரு கசப்பு, அது அப்புறம் போகவே இல்ல.

அடுத்தடுத்து அடி. 1976 ஜூன்ல சொவெட்டோவுல பள்ளிப் பிள்ளைங்க மேல சுட்டாங்க, உலகமே கொதிச்சுது. 1977ல அணுசக்தி முகமையோட ஆளுநர் குழுவுல இருந்த இடம் போச்சு, நவம்பர்ல ஐநா பாதுகாப்பு சபை கட்டாய ஆயுதத் தடை போட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல கலஹாரி பாலைவனத்துல ஃபாஸ்ட்ராப்ங்கிற இடத்துல ஆழமான துளை போட்டு சோதனைக்கு ரெடி பண்ணிக்கிட்டு இருந்ததை சோவியத் செயற்கைக்கோள் பார்த்து அமெரிக்காவுக்கே தகவல் சொல்லிடுச்சு. பனிப்போர் காலத்துல ரெண்டு பரம எதிரிங்க சேர்ந்து ஒரு சின்ன நாட்டை அடக்கினது அபூர்வம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி எல்லாம் நெருக்கினதும் துளையை மூடினாங்க. ஆனா திட்டத்தை மூடல.

இந்த நேரத்துல ஒட்டிக்கிட்ட ஒரே முக்கியமான ராணுவ நட்பு இஸ்ரேல். ரெண்டுமே ஒதுக்கப்பட்ட நாடுங்கிற நினைப்பு, ஆயுத வியாபாரம், ஏவுகணைத் தொழில்நுட்பம்னு நெருக்கமா போச்சு. 1979 செப்டம்பர் 22ல தெற்குப் பெருங்கடல் பக்கம் அமெரிக்காவோட வேலா செயற்கைக்கோள் பார்த்த, அணு வெடிப்போட அடையாளமான இரட்டை ஒளிக்கீற்று இந்த ரெண்டு பேரோட சோதனையான்னு இன்னும் வாதம் நடக்குது, முடிவா எந்த அரசும் ஒத்துக்கல.

குண்டு எப்படி இருந்துச்சு

மொத்தம் ஆறு, ஏழாவது பாதி வேலையில. பயன்படுத்துற நிலையில முதல் குண்டு 1982ல தயார். சுமார் 1.8 மீட்டர் நீளம், ஒரு டன் எடை, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 55 கிலோ செறிவூட்டின யுரேனியம். ஹிரோஷிமால போட்ட அதே துப்பாக்கி முறை, அதாவது குழாயோட ஒரு முனையில இருக்கிற யுரேனியத் துண்டை இன்னொரு முனையில இருக்கிற துண்டு மேல வேகமா சுட்டு சேர்க்கிறது. யுரேனியத்தை ஏகத்துக்கு தின்னும், ஆனா சோதனை பண்ணாமலே வேலை செய்யும்னு நம்பலாம், ஃபாஸ்ட்ராப்ல மாட்டினதுக்கு அப்புறம் இவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

செஞ்ச இடம் பிரிட்டோரியாவுக்கு கொஞ்சம் வெளிய, ராணுவ வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற மைதானத்துக்குள்ள சர்க்கிள்னு பேர் வெச்ச சாதாரண கட்டடம். குண்டை முழுசா ஒரே இடத்துல வைக்க மாட்டாங்க, முன் பாதி ஒரு பெட்டகத்துல, பின் பாதி வேற பெட்டகத்துல. ரெண்டையும் சேர்க்கணும்னா வேற வேற ஆளுங்க கையில இருக்கிற ரகசிய எண்கள் எல்லாம் வேணும், அதுல ஒண்ணு நாட்டுத் தலைவர் கிட்ட இருந்து வரணும். அவசரத்துக்கு எடுத்துப் போடற ஆயுதத்தை யாரும் இப்படி வைக்க மாட்டாங்க.

மூணு கட்டத் திட்டம்

பாதுகாப்பு அமைச்சரா இருந்து 1978ல பிரதமரான பி.டபிள்யூ. போத்தா அந்த வருஷம் ஏத்துக்கிட்ட உத்தி இதுதான்:

1. சாதாரண காலத்துல இருக்குன்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது.

2. சோவியத் ஆதரவோட கியூபப் படை எல்லையைத் தாண்டி வந்தா, அமெரிக்கா மாதிரி சில நாடுகள் காதுல மட்டும் ரகசியமா சொல்றது.

3. அப்பவும் அவங்க உதவிக்கு வரலைன்னா பகிரங்கமா அறிவிக்கிறது, இல்ல நிலத்துக்கு அடியில ஒண்ணை வெடிச்சுக் காட்டுறது.

திரும்பப் படிச்சுப் பாருங்க, இதுல எந்தக் கட்டத்துலயும் நேரடியா எதிரி மேல குண்டு போடறது இல்ல. ஒவ்வொரு படியும் வாஷிங்டனைப் பார்த்துதான். யாரும் கவனிக்கலைன்னா கிணத்துல குதிச்சுருவேன்னு விளிம்புல போய் நிக்கிற பிள்ளை மாதிரி, வீட்டு ஆளுங்க ஓடி வரணும், அவ்வளவுதான். நிபுணர்கள் சிலர் இதை புத்திசாலித்தனமான உத்தின்னு பாராட்டுவாங்க, எனக்கு அப்படித் தோணல. அமெரிக்கா ஓடி வந்து கட்டிப்பிடிக்குமா, இல்ல தடை மேல தடை போட்டு ஆளையே முடிச்சிருக்குமான்னு யோசிச்சா ரெண்டாவதுதான் நடந்திருக்கும், 1977ல ஃபாஸ்ட்ராப்ல கிடைச்ச பதிலே அதுதானே.

நிஜத்துல திட்டம் முதல் கட்டத்தைத் தாண்டல. 1987ல அங்கோலாவுல கியூபப் படை திரும்பப் பெருகினப்போ மட்டும் ஃபாஸ்ட்ராப்புக்குப் போய் ஒரு துளையைத் திறந்து பார்த்து மேல கொட்டகை போட்டாங்க.

அப்புறம் ஏன் விட்டாங்க

"நல்ல மனசு வந்துச்சு"ன்னு ஒரு கதை, "கறுப்பர் கைக்குப் போயிடக் கூடாதுன்னு அழிச்சாங்க"ன்னு இன்னொரு கதை. முதல் கதையை விட்டுடலாம். ரெண்டாவதுல உண்மை இருக்கு, ஆனா அது மட்டும் போதாது.

1. மிரட்டல் போயிடுச்சு. 1988 டிசம்பர் 22ல நியூயார்க்ல அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூணும் ஒப்பந்தம் போட்டாங்க, சுமார் 50,000 கியூப வீரர்கள் கட்டம் கட்டமா கிளம்பணும், நமீபியாவுக்கு சுதந்திரம். அடுத்த நவம்பர்ல பெர்லின் சுவர் விழுந்துச்சு. யார் வந்தா அமெரிக்காவைக் கூப்பிடணும்னு திட்டம் போட்டாங்களோ அந்த எதிரியே இல்ல.

2. குண்டு பாரமாயிடுச்சு. 1989ல அதிபர் பதவிக்கு வந்த டி கிளர்க் 1980களோட தொடக்கத்துல கனிமம், எரிசக்தித் துறை அமைச்சரா இருந்தவர், திட்டம் பத்தி அவருக்கு முன்னாடியே தெரியும். உலகத்தோட திரும்ப சேரணும், தடைகள் போகணும், கடன் கிடைக்கணும்னா என்பிடியில சேர்றது நல்ல நுழைவுச் சீட்டு, குண்டு இருந்தா அந்தச் சீட்டு கிடைக்காது. 1991 ஜூலை 10ல தென்னாப்பிரிக்கா என்பிடியில சேர்ந்துச்சு, அதே நாள்ல அப்பா புஷ் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளை நீக்கினாரு. அரசியல் கைதிகள் விடுதலை, கட்சிகள் மேல இருந்த தடையை நீக்குறது மாதிரியான நிபந்தனைகள்தான் அந்தத் தடைச் சட்டத்துல இருந்துச்சு, அதனால இதை நேரடிக் கொடுக்கல் வாங்கல்னு சொல்ல முடியாது, ஆனா காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு தெரியுது.

3. ஆட்சி மாறப் போகுது. மண்டேலா 1990 பிப்ரவரி 11ல விடுதலை, அதே மாசம் 26ஆம் தேதி குண்டுகளைப் பிரிக்க எழுத்துல உத்தரவு. இதைத் தற்செயல்னு நம்ப எனக்குக் கஷ்டமா இருக்கு. மண்டேலாவோட கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு லிபியாவோட கடாஃபி, கியூபாவோட காஸ்ட்ரோ, பாலஸ்தீன இயக்கம்னு பழைய நண்பர்கள் இருந்தாங்க, அந்த நண்பர்கள் பட்டியலை நினைச்சு வாஷிங்டனுக்கும் தூக்கம் வந்திருக்காது. ஆனா வேடிக்கை என்னன்னா அந்தக் கட்சிக்கே குண்டு வேண்டாம்ங்கிறதுதான் நிலைப்பாடு. இந்திய வம்சாவளி அப்துல் மின்ட்டி மாதிரி ஆளுங்க வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பல வருஷமா நிறவெறி அரசோட அணு ஆயுதத்துக்கு எதிரா பிரச்சாரம் பண்ணவங்க, பிற்காலத்துல அவரே சர்வதேச அணுசக்தி முகமையில தென்னாப்பிரிக்காவோட பிரதிநிதியா உட்கார்ந்தாரு.

பிரிச்சது எப்படி, சொன்னது எப்போ

குண்டுக்குள்ள இருந்த யுரேனியத்தை எடுத்து உருக்கி பெலிண்டாபாவுக்கு திருப்பி அனுப்பினாங்க, வரைபடங்கள், ஆவணங்கள் பெரும்பாலானதை அழிச்சாங்க. 1991 செப்டம்பர் ஆரம்பத்துல வேலை முடிஞ்சுது, அதே மாசம் 16ஆம் தேதி முகமையோட கண்காணிப்பு ஒப்பந்தம் அமலாச்சு. அதாவது ஆய்வாளர்கள் வர்றதுக்குள்ள எல்லாம் வெறும் யுரேனியமா மாறிடுச்சு. சேர்ற நாள்ல கையில என்ன அணுப்பொருள் இருக்குன்னு கணக்குக் கொடுத்தா போதும், முன்னாடி என்ன செஞ்சேன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தினாங்க.

கணக்கைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இவ்வளவு உயர் செறிவு யுரேனியம் எதுக்குன்னு கேள்வி வந்துச்சு, பத்திரிகைகள்ல சந்தேகம், எதிர்க்கட்சி நெருக்கடி. 1993 மார்ச் 24ல டி கிளர்க் கேப் டவுன் நாடாளுமன்றத்துல ஆமா, ஆறு குண்டு செஞ்சோம், அழிச்சுட்டோம்னு போட்டு உடைச்சாரு. மொத்தச் செலவு 70 கோடியிலருந்து 80 கோடி ராண்ட் வரைக்கும்னு கணக்கு சொன்னாங்க. எந்த நாட்டு உதவியும் வாங்கலைன்னு அவர் சொன்னதை மட்டும் அப்பவும் இப்பவும் நிறைய பேர் நம்பல. ஆலை தினம் தினம் எவ்வளவு உற்பத்தி பண்ணுச்சுங்கிற பழைய பதிவேடுகளை எல்லாம் புரட்டி முகமை கணக்கு சரிபார்த்துச்சு, அந்த ஜூலையில ஃபாஸ்ட்ராப் துளைகளை ஆய்வாளர்கள் முன்னாடியே மண், கான்கிரீட் போட்டு அடைச்சாங்க.

உக்ரைன் கூட ஏன் ஒப்பிட முடியாது

சோவியத் உடைஞ்சப்போ உக்ரைன் மண்ணுல சுமார் 1,900 தொலைதூர அணு ஆயுதங்கள் மாட்டிக்கிச்சு. அது இவங்க செஞ்சது இல்ல, ஏவுற ரகசிய எண்கள் மாஸ்கோ கையில. அதை உக்ரைன் கைவிடறதுக்கு பதிலா 1994 டிசம்பர் 5ல புடாபெஸ்ட்ல ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூணும் உன் எல்லையை மதிப்போம்னு கையெழுத்து போட்டாங்க, ஆனா அடிச்சா படை அனுப்புவோம்னு யாரும் எழுதிக் கொடுக்கல. 2014லயும் 2022லயும் என்ன ஆச்சுன்னு தெரியும்.

தென்னாப்பிரிக்காவோட நிலைமை இதுக்கு நேர் எதிர். சொந்தக் குண்டு, சொந்தச் சாவி. யார்கிட்டயும் பாதுகாப்பு வாக்குறுதி வாங்கல, ஏன்னா வாங்க வேண்டிய அளவுக்கு பக்கத்துல பலமான எதிரி இல்ல. உக்ரைனுக்கு ஆபத்து குண்டைக் கொடுத்தப்பவும் பக்கத்துலயே இருந்துச்சு, தென்னாப்பிரிக்காவுக்கு ஆபத்து போனதுக்கு அப்புறம்தான் குண்டு போச்சு. இந்த வரிசையை விட்டுட்டு ரெண்டையும் ஒரே தராசுல போட்டா, வட கொரியா செய்றதுதான் சரின்னு முடிவுக்கு வந்து நிப்போம்.

குண்டு போனப்புறம் வெளியுறவு

1994ல மண்டேலா அரசு வந்ததும் அணிசேரா இயக்கத்துல சேர்ந்தாங்க. அடுத்த வருஷம் என்பிடியை காலவரையில்லாம நீட்டிக்கணுமான்னு நியூயார்க்ல பெரிய மாநாடு, பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் முட்டிக்கிட்டு நின்னப்போ நடுவுல நின்னு வழி சொன்னது தென்னாப்பிரிக்கா. செஞ்சு பார்த்து விட்டவன்ங்கிற மதிப்புதான் அந்த இடத்தைக் கொடுத்துச்சு. 1995ல அணுசக்தி விநியோக நாடுகள் குழுவுல உறுப்பினர், இந்தியா இன்னும் வாசல்ல நிக்கிற அதே குழு. 1996ல ஆப்பிரிக்காவை அணு ஆயுதம் இல்லாத கண்டமா அறிவிக்கிற ஒப்பந்தம் வந்துச்சு, பேரே பெலிண்டாபா ஒப்பந்தம், 2009ல அமலாச்சு. 2019ல அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தையும் உறுதி செஞ்சாங்க.

ஆனா ஆயுதத்தை விட்டாங்களே தவிர தொழில்நுட்பத்தை விடல. பழைய குண்டுகள்ல இருந்த உயர் செறிவு யுரேனியத்துல சுமார் 220 கிலோ இன்னும் பெலிண்டாபாவுல இருக்குன்னு மதிப்பீடு. அதைக் கொடுத்துடுங்கன்னு ஒபாமா காலத்துல நெருக்கிப் பார்த்தாங்க, அப்போதைய தென்னாப்பிரிக்க அதிபர் ஜூமாவோட அரசு ஒத்துக்கல. 2007 நவம்பர்ல ஆயுதத்தோட ஒரு கும்பல் பெலிண்டாபா வேலிக்குள்ள புகுந்ததை வெச்சு அமெரிக்கா இந்த பயத்தை அடிக்கடி சொல்லும். தென்னாப்பிரிக்கா பக்கம் வாதம் எளிமையானது, ஆயிரக்கணக்குல குண்டு வெச்சிருக்கிறவன் எங்ககிட்ட இருக்கிற கண்காணிப்புல உள்ள யுரேனியத்தைப் பார்த்து பயப்படறது என்ன நியாயம். இந்த வாதத்துல நியாயம் இருக்கு, அதுக்காக வேலி ஓட்டையை நியாயப்படுத்த முடியாது.

இந்தப் பக்கம் 2011ல இருந்து பிரிக்ஸ் கூட்டத்துல உட்கார்ந்தாங்க. 2014ல ரஷ்யாவோட அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் கூட அணு உலை ஒப்பந்தம், 9,600 மெகாவாட் கனவு, 2017 ஏப்ரல்ல கேப் டவுன் உயர் நீதிமன்றம் நடைமுறை சரியில்லைன்னு ரத்து பண்ணுச்சு. உக்ரைன் போரைக் கண்டிக்கிற ஐநா தீர்மானங்கள்ல வாக்களிக்காம ஒதுங்கினாங்க, 2023 பிப்ரவரில போரோட முதலாம் ஆண்டு நேரத்துலயே ரஷ்யா, சீனா கூட கடற்படைப் பயிற்சி. 2023 ஆகஸ்ட்ல ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுலதான் ஈரானுக்கு பிரிக்ஸ் அழைப்பு போச்சு, டிசம்பர் 29ல ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துல இஸ்ரேல் மேல கேஸ். ஒரு காலத்துல நிறவெறி அரசுக்கு பல வருஷம் ஆயுதம் கொடுத்த நாடு மேலதான் இந்தக் கேஸ்ங்கிறதை ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரங்க மறக்கல.

இப்போ ட்ரம்ப் ஆணையில இருக்கிற ஈரான் குற்றச்சாட்டை இதோட சேர்த்துப் படிச்சா ஓரளவு பிடிபடும். பெலிண்டாபா முகமையோட கண்காணிப்புல இருக்கு, என்பிடி, பெலிண்டாபா ஒப்பந்தம், தடை ஒப்பந்தம்னு மூணு பூட்டு போட்டிருக்கு, குண்டுக்கு திரும்பப் போறாங்கன்னு காட்ட பொதுவெளியில ஆதாரம் எதுவும் வைக்கப்படல. ஆணையோட கோபம் பெரும்பாலும் நண்பர்கள் யாருங்கிறதைப் பத்தினது. அதுக்கு நிஜமான விலையும் இருக்கு: அமெரிக்கா கூட இருந்த அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2022 டிசம்பர்ல காலாவதியாச்சு, அது இல்லாம அமெரிக்க கம்பெனிகள் கேப் டவுன் பக்கத்து கூபெர்க் மின் நிலையத்துக்கு எரிபொருள் அனுப்புறது சட்டப்படி சிக்கல். கூபெர்க் ஆப்பிரிக்காவுல மின்சாரம் தயாரிக்கிற ஒரே அணு நிலையம், ரெண்டு உலை, பிரான்ஸ் கட்டினது. எரிபொருளுக்கு பிரான்ஸ் இருக்கு, ரஷ்யா இருக்கு, சீனா இருக்கு. யார்கிட்ட வாங்குறாங்கன்னு பாருங்க, அடுத்த பத்து வருஷத்துக்கு பிரிட்டோரியா எந்தப் பக்கம் சாயுதுன்னு அறிக்கைகளை விட அந்த பில்லுலதான் தெரியும்.